விளம்பரத்தில் வசித்த பெண்

எனக்கு ஒரு பெண்ணைத் தெரியும். அவளுக்கு எப்போதும் இருபத்தைந்து வயது. மூன்று மொழியும் அவளுக்குத் தண்ணீர்பட்ட பாடு. கணினி தெரியும், கணக்குத் தெரியும், ஐந்து வருட அனுபவமும் இருக்கிறது. பார்க்க லட்சணமாக இருப்பாள். கல்யாணம் ஆகவில்லை. வீடு வெள்ளவத்தையில், கடையிலிருந்து நடந்து போகிற தூரத்தில். எந்நேரமும் சிரித்த முகம். எப்போது படித்தாள், எப்போது அனுபவம் சேர்த்தாள் என்றெல்லாம் கேட்கக் கூடாது. கேட்டால் அவள் மறைந்துவிடுவாள்.

நான் அவளை நேரில் கண்டதில்லை. ஆனால் பல வருடங்களாக அவளைப் பற்றி எழுதுவதுதான் எனக்குச் சம்பளம் தந்த வேலை. காலி வீதி என்ற பெருந்தெருவிலிருந்து கடலுக்கு இறங்கும் சின்ன ஒழுங்கை ஒன்றின் முனையில், ஒரு மருந்துக் கடைக்கு மேலே, மாடியில் எங்கள் அலுவலகம் இருக்கிறது. பத்திரிகைகளுக்கு விளம்பரம் எடுத்துக் கொடுக்கும் முகவர்கள் நாங்கள். கல்யாணம், காணி, மரண அறிவித்தல், வேலை என்று எல்லாம் எங்கள் மேசைக்கு வரும். மரணத்துக்கு ஆட்கள் அழுதுகொண்டு வருவார்கள், கல்யாணத்துக்குக் குரலைத் தாழ்த்திக்கொண்டு வருவார்கள். வேலைக்கு ஆள் தேடுகிறவர்கள் மட்டும் ராசாக்களைப்போல் வந்து கதிரையில் சாய்வார்கள்.

மத்தியானம் சாப்பிட்டபின் அந்த அலுவலகம் ஒரு மாதிரி மிதக்கத் தொடங்கும். யன்னல் கண்ணாடியில் கடலுப்பு படிந்து வெளியெல்லாம் பால் கலந்ததுபோலத் தெரியும். கீழே பஸ்கள் இரைவது எங்கோ தூரத்து ஊரில் நடப்பதுபோல் கேட்கும். அந்த நேரத்தில்தான் நான் அவளைப் பார்ப்பேன். குடையை விரித்துக்கொண்டு வீதியைக் கடப்பாள். நகைக் கடைக்குள் நுழைவாள், கண்ணாடிக் கடையிலிருந்து வெளியே வருவாள். எல்லாக் கடைக்காரருக்கும் அவள்தான் வேண்டும். பாவம், ஒரே ஒருத்தி எத்தனை கடையில்தான் நிற்பாள் என்று எனக்குக் கவலையாகக்கூட இருக்கும். பிறகு தொலைபேசி அடிக்கும், நான் விழித்துக்கொள்வேன்.

அவள் ஏன் வயதுபோகாமல் இருந்தாள் என்பதற்குக் காரணம் உண்டு. எங்கள் வியாபாரிகளுக்கு ஒரு பழக்கம். புதிதாக விளம்பரம் எழுத ஒருவருக்கும் பொறுமை கிடையாது. முன்பு எப்போதோ போட்ட விளம்பரத்தைக் கத்தரித்துப் பணப்பையிலோ மேசை லாச்சியிலோ வைத்திருப்பார்கள். ஆள் விலகியதும் அந்தத் துண்டைக் கொண்டுவந்து மேசையில் வைத்து, ‘இதே மாதிரிப் போடுங்கோ’ என்பார்கள். தகப்பன் போட்டதை மகன் போடுவார், அண்ணன் போட்டதைத் தம்பி போடுவார். மூலைவரை மஞ்சளாகிப்போன துண்டுகளிலிருந்து நான் அந்தப் பெண்ணைப் பிரதி எடுத்துக்கொண்டே இருந்தேன்.

பிறகு எங்கள் கம்பனி வேறொரு பெரிய கம்பனியோடு சேர்ந்தது. அவர்களுக்கு வெளிநாட்டு வாடிக்கையாளர்கள். அதனால் வேலை விளம்பரங்களுக்குப் புது விதி வந்தது. நாட்டுச் சட்டம் எங்கள் கடைக்காரர்களின் விளம்பரத்துக்குள் அவ்வளவாக எட்டிப் பார்ப்பதில்லை. இது கம்பனி தனக்குத்தானே போட்டுக்கொண்ட விதி. அதைச் சொல்லித்தர ஒரு பிள்ளையை அனுப்பினார்கள். அவள் மாடிப்படி ஏறி வந்தபோது நான் கொஞ்சம் திடுக்கிட்டுத்தான் போனேன். இருபத்தைந்து வயது இருக்கும். மூன்று மொழியும் பேசினாள். சிரித்த முகம், லட்சணம், எல்லாம் சொல்லி வைத்தாற்போல. என் விளம்பரத்துப் பெண்தான் உயிரோடு வந்து, இனிமேல் என்னை எழுதாதே என்கிறாள் என்று எனக்குத் தோன்றியது.

அவள் சொன்னது எளிமையானது. வேலையை எழுதுங்கள், ஆளை எழுதாதீர்கள். வயது, ஆணா பெண்ணா, இனம், மதம், கல்யாணமானவரா, சொந்த ஊர் எது, தோற்றம் எப்படி, இவை ஒன்றும் வரக் கூடாது. வேலையே அதைக் கேட்டால் மட்டும் விலக்கு. பெண்கள் விடுதிக்கு மேற்பார்வையாளர் பெண்ணாக இருக்க வேண்டும் என்று கேட்கலாம். கோயில் மடப்பள்ளியில் சமைக்கச் சைவர் வேண்டும் என்று கேட்கலாம். துணிக்கடையில் துணி மடிக்க அழகு எதற்கு என்று அவள் கேட்டாள். எனக்குக் கைதட்ட வேண்டும்போல் இருந்தது.

அடுத்த நாளிலிருந்து எனக்குக் கொண்டாட்டம். நான் கொஞ்சம் வாய்க்காரி. என் கணவர் என்னிடம் அடிக்கடி சொல்வது, உமக்கு ஒரு சட்டமும் கையில் கிடைக்கக் கூடாது என்று. எனக்கு விதி கிடைத்தது. ‘இளம் பெண்கள்’ என்பதை அழித்து ‘ஊழியர்கள்’ என்று எழுதுவதில் இருந்த சுகம் மாங்காய்க்கு உப்புத்தூள் தொட்டுச் சாப்பிடுவதில்கூட இல்லை. மாளிகாவத்தையிலிருந்து வரும் துணிக்கடை முதலாளி ஒருவர், பெண் பிள்ளைகள் என்று போடாவிட்டால் ஊரிலுள்ள ஆண்களெல்லாம் தன் கடை வாசலில் வந்து நிற்பார்கள் என்று முறையிட்டார். நிற்கட்டும், சேலை மடிக்கப் பழகட்டும் என்றேன். சிரித்துக்கொண்டு போனார். வீட்டு வேலைக்கு ‘மலையகப் பெண்’ வேண்டும் என்று வந்த ஓர் அம்மா சிரிக்கவில்லை. என்ன வேலை என்று கேட்டேன். சமையல், வீடு கூட்டுதல் என்றார். இதில் மலையில் பிறந்தவருக்கு மட்டும் முடிந்த வேலை எது என்று கேட்டேன். அவர் கைப்பையை எடுத்துக்கொண்டு எழும்பிவிட்டார். அன்று மாலை எனக்கு நடந்து போகவே தோன்றவில்லை, பறந்து போனதாகத்தான் ஞாபகம்.

இந்த உற்சாகத்தில் நான் இருக்கும்போதுதான் மச்சாளின் வேலை போனது.

மச்சாள் என் கணவரின் அக்கா. ஐம்பதைத் தாண்டியவர். கணவர் இறந்து நெடுங்காலம், பிள்ளைகள் இல்லை. கொட்டாஞ்சேனையில் ஒரு வீட்டின் மேல்தளத்தில் வாடகைக்குத் தனியாக இருக்கிறார். யன்னலைத் திறந்தால் துறைமுகத்துப் பாரந்தூக்கிகள் தெரியும், காலையில் தேவாலய மணி கேட்கும். பேட்டையில் இரும்புச் சாமான் இறக்குமதி செய்யும் கடையொன்றில் கணக்கெழுதினார். முதலாளியின் பிள்ளைகள் கடையை விற்றுவிட்டுக் கனடா போய்விட்டார்கள். கடையோடு மச்சாளின் கதிரையும் போயிற்று.

வேலை இல்லாவிட்டால் வருட முடிவில் அந்த மேல்தளத்தை விட வேண்டும். விட்டால் எங்களிடம் வர வேண்டும். வேறு இடம் இல்லை. என் கணவர் உடனே சின்ன அறையை ஒழித்துச் சுத்தமாக்கினார். நான் யன்னலுக்குப் புதுத் திரைச்சீலை வாங்கிப் போட்டேன். மச்சாள் வந்து அறையைப் பார்த்தார். நல்ல காற்று வருகிறது என்றார். அவ்வளவுதான். அவர் பார்வை அறைக் கதவிலேயே நின்றதை நான் கவனித்தேன். அந்தக் கதவுக்குப் பூட்டும் இல்லை, திறப்பும் இல்லை.

எங்கள் வீட்டில் செவ்வாயும் வெள்ளியும் மரக்கறி. மச்சாள் தன் வீட்டில் நினைத்த நாளில் மீன் பொரிப்பார். வானொலியைச் சத்தமாக வைப்பார். ஞாயிறு பகல் முழுக்கப் படுத்திருந்து கதைப்புத்தகம் வாசிப்பார். தம்பி வீட்டில் இதையெல்லாம் ஒருவரும் தடுக்கமாட்டோம். ஆனாலும் அவர் ஒவ்வொன்றுக்கும் எங்கள் முகத்தைப் பார்ப்பார். அவருக்கு அது தெரியும், எனக்கும் தெரியும். அவர் தன் திறப்பைத் தன் கைப்பையில் வைத்துக்கொண்டே வயதுபோக வேண்டும் என்று நான் உண்மையாகவே ஆசைப்பட்டேன்.

இப்போது விளம்பரங்களில் வயது இல்லை, துணிந்து போங்கள் என்று நான்தான் சொன்னேன். மச்சாள் போனார். கஞ்சி போட்ட பருத்திச் சேலை, ஒரு கோப்பு, கைக்குட்டை. பம்பலப்பிட்டியில் ஒரு கண்ணாடிக் கடையில் அறிவிக்கிறோம் என்றார்கள். கல்கிசையில் ஓர் அடுக்குமாடி நிர்வாக அலுவலகத்தில் தேநீர் கொடுத்து அறிவிக்கிறோம் என்றார்கள். வெள்ளவத்தையில் ஒரு டியூஷன் நிலையத்தில் முன்மேசையில் இருந்த பிள்ளை எழும்பி நின்று மரியாதையாகக் கேட்டதாம், “அன்ரி, உங்கட மகளுக்கோ வேலை?”

அன்று மச்சாள் நேரே என் அலுவலகத்துக்கு வந்துவிட்டார். வேலை முடிந்து இருவரும் ஒழுங்கையால் இறங்கி, தண்டவாளத்தைக் கடந்து, கல்லுகளில் போய் இருந்தோம். அந்த நேரத்துக் கடலுக்கு நிறமே இருக்காது. வானம் எங்கே முடிகிறது என்று சொல்ல முடியாது. கப்பல் ஒன்று தண்ணீரிலா வானத்திலா நிற்கிறது என்று தெரியாமல் நின்றது. மச்சாள் செருப்பைக் கழற்றிப் பக்கத்தில் வைத்தார்.

“முந்தியெண்டா பேப்பரில வயசைப் பாத்துப்போட்டு வீட்டிலேயே இருந்திடலாம். இப்ப சேலை உடுத்து, பஸ் ஏறிப் போய், அவையின்ர முகத்தில வாசிக்க வேண்டிக் கிடக்கு.”

எனக்குக் கோபம் வந்தது. யார்மேல் என்று தெரியவில்லை. நான் அழித்ததெல்லாம் காகிதத்திலிருந்துதான் போயிருக்கிறது. அந்தப் பெண் பத்திரிகையைவிட்டு இறங்கி, கடைகளுக்குள் போய், முதலாளிகளின் மண்டைக்குள் வசதியாக உட்கார்ந்துவிட்டாள். மச்சாள் எந்த வாசலுக்குப் போனாலும் அவள் ஏற்கெனவே அங்கே சிரித்துக்கொண்டு இருந்தாள். ரயில் ஒன்று எங்கள் முதுகுக்குப் பின்னால் போனது. வாசலில் தொங்கிக்கொண்டிருந்த முகங்களில் ஒன்று அவளுடையது என்று அப்போது சத்தியம் பண்ணியிருப்பேன்.

மச்சாளை இனி ஒரு வாசலிலும் அவமானப்பட விடுவதில்லை என்று முடிவெடுத்தேன். அதற்கு என்னிடம் ஒரு வழி இருந்தது. விளம்பரம் எழுதி முடிந்ததும், பேனையை மூடி வைத்துவிட்டு, சும்மா கேட்கிறேன் என்று முதலாளிகளிடம் கதை கொடுப்பேன். எப்படிப்பட்ட ஆள் மனதில் இருக்கிறது என்று கேட்டால் போதும். எழுத முடியாததையெல்லாம் ஆசையோடு சொல்வார்கள். சின்னப் பிள்ளையாக இருந்தால் நல்லது, கல்யாணம் கட்டினவை அடிக்கடி லீவு கேட்பினம், எங்கட ஆக்களாக இருந்தால் நல்லது. அவர்கள் படியிறங்கியதும் நான் மச்சாளுக்குத் தொலைபேசி எடுப்பேன். இதற்குப் போகாதேங்கோ. அதற்கும் போகாதேங்கோ. மச்சாள் ‘ம்’ என்பார். அந்த ‘ம்’ வரவரச் சின்னதாகிக்கொண்டு போனதை நான் கவனித்தேன். களைப்பு என்று நினைத்தேன்.

வருட முடிவு கிட்டியது. மழை பிடித்திருந்த ஒரு மத்தியானத்தில், துறைமுகத்தில் சாமான் இறக்கிக் கொடுக்கும் கிளியரிங் கம்பனி முதலாளி ஒருவர் படியேறி வந்தார். வீடு வெள்ளவத்தை, அலுவலகம் கொட்டாஞ்சேனை. நாற்பது வயது மதிக்கலாம். அமைதியான மனிதர். குடையை வெளியே வைத்துவிட்டு, சட்டைப் பையிலிருந்து ஒரு துண்டை எடுத்து வைத்தார். அப்படியொரு பழைய துண்டை நான் அதுவரை கண்டதில்லை. கிழியாமல் இருக்க இரண்டு பக்கமும் பிளாஸ்டிக் ஒட்டியிருந்தது. அப்பா போட்டது என்றார். இதே மாதிரிப் போடச் சொன்னார்.

வாசித்தேன். இறக்குமதிக் கணக்கு எழுதத் தெரிந்த, இருபத்தைந்து வயதுக்கு உட்பட்ட, திருமணமாகாத பெண் தேவை. அதுதான், அவளேதான். எழுத்து மங்கி, மையெல்லாம் தேய்ந்து, ஆனால் அப்படியே அதே வயதில். விதியைச் சொன்னேன். எது போட முடியாதோ அதை எடுத்துவிடுங்கள், மிச்சம் இதே மாதிரி என்றார். எடுத்தேன். அவரிடம் கதை கொடுத்து மனதில் என்ன என்று கேட்கக்கூட இல்லை. கேட்பதற்கு என்ன இருக்கிறது, துண்டே சொல்லிவிட்டதே என்று நினைத்தேன்.

அவர் போனபின் மனது கனத்துப்போயிற்று. மச்சாளின் வீட்டிலிருந்து நடந்து போகிற தூரம். மச்சாள் இத்தனை காலம் செய்த அதே கணக்கு. பழம் நழுவிப் பாலில் விழுந்ததுபோல் ஒரு வேலை, அவருக்கில்லை. மறைக்கவும் முடியாது, அவர் பத்திரிகையில் எப்படியும் பார்ப்பார். தொலைபேசி எடுத்தேன்.

“வீட்டுக்குப் பக்கத்தில ஒண்டு வந்திருக்கு. ஆனா இருபத்தைஞ்சு வயசுப் பிள்ளையைத்தான் தேடினம். போகாதேங்கோ, மச்சாள்.”

மச்சாள் ‘ம்’கூடச் சொல்லவில்லை. மழை எப்படி என்று கேட்டார்.

அந்த வாரம் நான் சின்ன அறையை மறுபடி கழுவினேன். கதவுக்குப் பூட்டுப் போடத் தச்சரைக் கூப்பிட வேண்டும் என்று கணவரிடம் சொன்னேன். சொல்லும்போதே, பூட்டுப் போட்டாலும் அது அவருடைய வீடாகாது என்று எனக்கு அழுகை வந்தது. கணவர் போய்த் தேநீர் போட்டார்.

விளம்பரம் ஞாயிறு வந்தது. அதற்குப் பிறகு ஒரு பின்னேரம் மச்சாள் கோட்டையிலிருந்து ரயிலேறி வந்து, அலுவலக வாசலில் நின்றார். அதே கஞ்சிச் சேலை. கையில் மீன் கட்லட் பொட்டலம். கடலுக்குப் போவோம் என்றார். மழை விட்டிருந்தது. கல்லுகள் ஈரம். பொட்டலத்தை விரித்து எனக்கு ஒன்றைத் தந்துவிட்டுத்தான் கதையைத் தொடங்கினார்.

போயிருக்கிறார். என்னிடம் சொல்லாமல், குடையை எடுத்துக்கொண்டு நடந்தே போயிருக்கிறார். அந்த அமைதியான மனிதர் உள்ளே கூப்பிட்டு இருத்தினாராம். பக்கத்தில் ஒரு காலி மேசை. கதிரையில் முதுகுக்கு வைக்கிற ஒரு சின்னத் தலையணை. அந்த மேசையில் இருந்தவரை அவர் அன்ரி என்றுதான் சொன்னாராம். அந்த அன்ரி அவருடைய தகப்பனார் காலத்தில், அவர் பிறக்க முன்னமே, இளம் பெண்ணாக அங்கே வந்தவர். சின்ன வயதில் அவரைப் பள்ளிக்கூட வான் வண்டியில் ஏற்றிவிட்டதுகூட அந்த அன்ரிதானாம். முழங்கால் படியேற மறுத்ததால் போன மாதம்தான் வேலையை விட்டிருக்கிறார். இடையில் ஆள் தேட வேண்டியே வரவில்லை. அதனால்தான் அந்தப் பழைய துண்டு. அதில் என்ன இருந்தது என்று அவருக்குச் சரியாகத் தெரியவும் இல்லை.

மச்சாளின் கோப்பைப் பார்த்தாராம். இரண்டொரு கேள்வி கேட்டாராம். மச்சாள் தானாகவே தன் வயதைச் சொல்லியிருக்கிறார். பிறகு அவர் முகத்தில் வாசிக்க வேண்டாமே என்று. முதலாளி யோசித்துவிட்டு, “எங்கட அன்ரியோட பாக்கேக்க நீங்கள் சின்னப்பிள்ளை. கன வருஷம் நிப்பீங்கள்தானே?” என்றாராம்.

நான் கட்லட்டைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே இருந்தேன். அந்தத் துண்டில் இருந்த பெண் உண்மையான பெண். அவள் நான் பார்க்காத ஒரு மேசையில், துறைமுகத்துப் பக்கம், இத்தனை வருடமும் கணக்கெழுதி, கண்ணாடி போட்டு, தலை நரைத்து, முதுகுக்குத் தலையணை வைத்துக்கொண்டு இருந்திருக்கிறாள். எல்லாப் பெண்களையும்போல அவளுக்கும் வயது போயிருக்கிறது. அந்த முதலாளி மனதில் இருந்தவள் அவள்தான். இருபத்தைந்து வயதுக்காரி என் மண்டைக்குள் மட்டும்தான் மிச்சம் இருந்தாள். சந்தோஷத்தில் அழுதேனா வெட்கத்தில் அழுதேனா என்று பிரித்துச் சொல்ல எனக்கு இப்போதும் தெரியவில்லை.

மச்சாள் என் முகத்தைப் பார்க்கவில்லை. கடலைப் பார்த்துக்கொண்டு, கோபமில்லாமல்தான் சொன்னார்.

“நீர் பேப்பரில அழிச்சதை எல்லாம், பிறகு ஃபோன் எடுத்து எனக்கு வாசிச்சுக் காட்டிக்கொண்டிருந்தனீர்.”

வாய்க்காரிக்கு வாயடைத்துப்போன நாள் அது ஒன்றுதான். உங்களை நோக விடக் கூடாது என்றுதான் செய்தேன் என்று கடைசியில் முணுமுணுத்தேன். அவர் தெரியும் என்றார். கையை நீட்டி என் கன்னத்தைத் துடைத்துவிட்டார். கட்லட் எண்ணெய் கன்னமெல்லாம் ஆகியது.

ரயில் ஒன்று வந்து போனது. மச்சாள் செருப்பைப் போட்டுக்கொண்டு எழும்பினார். கைப்பைக்குள் எதையோ தேடி, திறப்பு இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்து மூடினார். வீட்டுக்காரரிடம் அடுத்த வருடமும் இருக்கிறேன் என்று சொல்லிவிட்டாராம். பிறகுதான், தண்டவாளத்தைக் கடந்து ஒழுங்கையில் ஏறும்போது, சின்ன அறையின் ஞாபகம் அவருக்கு வந்தது.

“அந்த அறைக்கு வேற ஆரையாவது பாருங்கோ. விளம்பரம் போட்டா, வயசு போடாதையும்.”